முத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு நெட்: ஆறு வருஷத்தில் மூன்று வழி

"எந்த கம்பெனி நெட்டுங்க நல்லா இருக்குது?" என்று சந்தையிலோ டீக்கடையிலோ யாராவது கேட்டால், நான் ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். உங்கள் வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் எத்தனை மீட்டர்? வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் எத்தனை தென்னை மரம்? இந்த ரெண்டும் தெரியாமல் பேக்கேஜ் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று பார்க்காமல் எத்தனை எச்பி மோட்டார் வாங்கலாம் என்று பேசுகிற மாதிரிதான்.

எங்கள் வீடு முத்தூரிலிருந்து வெள்ளகோயில் போகிற பக்கம். ரோட்டிலிருந்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற மண் பாதையில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். நாலு ஏக்கர் தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு, மூன்று உருப்படி மாடு, நடுவில் சாளை, அதாவது தோட்டத்து வீடு. நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டிசைன் பிரித்துக் கொடுக்கிறவன். டி-சர்ட்டில் நெஞ்சுப் பக்கம் வருகிற படத்தை எட்டு கலர், பத்து கலர் என்று தனித்தனியாகப் பிரித்து, பிரிண்டிங் யூனிட்டில் ஃபிலிம் எடுக்கிற பதத்தில் அனுப்ப வேண்டும். ஒரு ஃபைல் 300 எம்பி-யும் இருக்கும், ஒரு ஜிபி-யும் இருக்கும். அதனால் படம் பார்க்கிற வேகத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அனுப்புகிற வேகம்தான் சோறு போடுகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற எண் எப்போதும் இறக்குகிற வேகம்தான். ஏற்றுகிற வேகம் என்ன என்று வாயைத் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள், சில பேருக்குக் கேட்டாலும் தெரியாது.

2019 கடைசியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, பதினாலு வருஷம் இருந்த திருப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தோம். அப்போது சாளையில் நெட் என்றால் செல்போன்தான். பகலெல்லாம் வேலை பார்த்து, ஃபைலை பென்டிரைவில் ஏற்றி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து, திருப்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். யூனிட்டிலிருந்து ஒரு பையன் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வான். ரெண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஜிபி திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடும். சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்புக் கம்பி பிராட்பேண்டில் ஏற்றுகிற வேகம் 512 கேபிபிஎஸ் (நொடிக்கு 512 கிலோபிட்) என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு ஜிபி போக நாலரை மணி நேரம். பஸ்ஸே தேவலை. அந்த 512 கேபிபிஎஸ்ஸுக்கும் சட்டப்படி பிராட்பேண்ட் என்றுதான் பெயர். 2013-லிருந்து 2023 ஜனவரி வரைக்கும் நம் நாட்டில் குறைந்தபட்ச அளவு அதுதான். அதற்குப் பிறகுதான் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) ஆக்கினார்கள்.

செம்புக் கம்பியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். இன்றைக்கும் சிலர் "அப்பா காலத்து லேண்ட்லைன் இருக்குதே, அதிலேயே நெட் வாங்கிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு தூரம்தான் எமன். எக்ஸ்சேஞ்சிலிருந்து ரெண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே வேகம் தேய ஆரம்பித்துவிடும். தோட்டத்து வீடுகளுக்கு அது ஆகாது. அந்த வயரைத் துணி காயப் போட வைத்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் பஸ் நின்றது, பென்டிரைவும் நின்றது. கொஞ்ச நாளில் திருப்பூரில் மாஸ்க் தைக்க ஆரம்பித்தார்கள். அதிலும் பிரிண்ட் போட வேண்டும் என்று ஆர்டர் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். மோட்டார் ரூமுக்கு மேலே ரெண்டு கோடு. கடைசியில் வேப்ப மரத்துக் கிளையில் போனைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, ஹாட்ஸ்பாட் வைத்து, கீழே கயிற்றுக் கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பொழுதோட ஏழு மணிக்கு மேல் பத்து வரைக்கும் ஒன்றும் நகராது. ஒரு டவரின் ஒரு பக்கத்தைச் சுற்றுவட்டாரமே பங்கு போடும்போது, எல்லா வீட்டிலும் படம் ஓடுகிற நேரத்தில் என் ஃபைலுக்கு என்ன மிஞ்சும்? ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அனுப்புவேன். "பால் கறக்கறவங்களே இன்னும் எந்திரிக்கலீங்க" என்பாள் வீட்டுக்காரி. இப்படி மூன்றரை வருஷம் ஓட்டினேன். தினசரி டேட்டா 2 ஜிபி என்கிற கட்டு வேறு. வீட்டில் மூன்று சிம், மூன்று ரீசார்ஜ்.

அப்புறம்தான் காற்று வழி நெட் வந்தது. ஏர்ஃபைபர் என்கிறார்களே, அது. பெயரில் ஃபைபர், அதாவது ஒளி போகிற கண்ணாடி இழை, இருக்கிறதே தவிர வீட்டுக்கு எந்த ஃபைபரும் வராது. டவரிலிருந்து வருகிற 5ஜி சிக்னலை மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி பிடித்து, வயர் வழியாகக் கீழே வைஃபை பெட்டிக்குக் கொடுக்கும். ஏர்டெல் 2023 ஆகஸ்ட்டில் டெல்லியிலும் மும்பையிலும் தொடங்கியது. ஜியோ அதே வருஷம் செப்டம்பர் 19-ம் தேதி சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. சில மாதங்களிலேயே எங்கள் பக்கமும் நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு இணைப்பு வாங்கினேன். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் தென்னை மரத்துக்கு கம்பெனி வித்தியாசம் தெரியாது.

ஆப்பில் பின்கோடு போட்டதும் "உங்கள் பகுதியில் கிடைக்கும்" என்று பச்சை டிக் விழுந்தது. ஒரு பின்கோடுக்குள் எத்தனை ஊர், எத்தனை தோட்டம் இருக்கிறது என்று அந்த டிக்குக்கு என்ன தெரியும்? வந்த பையன்கள் ரெண்டு பேரும் நல்ல பையன்கள். மாடியில் ஜிஐ பைப் நட்டு, பெட்டியை அப்படியும் இப்படியும் திருப்பி, போனில் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் மெனக்கெட்டார்கள். டவர் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். நடுவில் எங்கள் தோப்பு, அதற்கு அடுத்து பெரியப்பா மகன் தோப்பு. முதல் டெஸ்ட்டில் இறங்குகிற வேகம் 74 எம்பிபிஎஸ் வந்தது. வீடே கைதட்டியது. நான் மட்டும் அடுத்த எண்ணைப் பார்த்தேன். ஏற்றுகிற வேகம் 5. சரி, ஒரு ஜிபி அனுப்ப இருபத்தேழு நிமிஷம். வேப்ப மரத்துக்கு இது சொர்க்கம் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த வெயில் காலம் முழுக்கக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐபிஎல் முழுசும் அப்பா கட்டிலிலேயே பார்த்தார். ஜூன் ஜூலையில் காற்று. நம் பக்கம் ஆடிக் காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தோப்பையே தலைகீழாக ஆட்டும். மட்டைகள் ஆட ஆட வேகமும் ஆடியது: எழுபது, பன்னிரண்டு, நாற்பது, மூன்று. ஐப்பசி மழையில் இன்னும் மோசம். நனைந்த இலை என்றால் அந்த அலைக்குச் சுவர் மாதிரி. 5ஜி-யில் வேகம் தருகிற 3500 மெகாஹெர்ட்ஸ் அலை இலை தழைக்குள் நுழையச் சிரமப்படும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை மரத்தைத் தாண்டி ரொம்ப தூரம் வரும், ஆனால் அதில் அலைவரிசையின் அகலம் குறைவு, வேகம் கிடைக்காது. எந்த அலை நமக்குக் கிடைக்கிறது என்பது டவரும் பெட்டியும் பேசி முடிவு செய்கிற விஷயம். நாம் சந்தா மட்டும் கட்டலாம்.

பத்து மாதம் வைத்திருந்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்த கணக்குப்படி, முழு நாளும் உபயோகமில்லாமல் போனது 9 நாள். அது பெரிசில்லை. ஆனால் பொழுதோட அனுப்பவே முடியாமல் ராத்திரிக்குத் தள்ளிப் போட்டது 60 தடவைக்கு மேல். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஒரே விஷயத்தில்தான். ஆறு மாதப் பணம் முன்கூட்டிக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்றார்கள். ரெண்டாவது ஆறு மாதத்தில் நாலு மாதம் முடிந்ததும் வேண்டாம் என்றேன். மீதி ரெண்டு மாதப் பணம் வராது, ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் வேறு வேறு குரல், ஒவ்வொரு குரலிடமும் முதலிலிருந்து கதை. பேசின அத்தனை பேருக்கும் முத்தூர் என்றால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தங்கச்சி வீடு வெள்ளகோயில் டவுனுக்குள். அவள் மாடியில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரியும், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். அதே மாதிரிப் பெட்டியை வைத்துக்கொண்டு இந்த ரெண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் ஒரு புகார் இல்லை. "நெட்டுல ஒண்ணும் குத்தமில்லீங் மச்சான், உங்க தோப்புலதான் குத்தம்" என்று மாப்பிள்ளை இன்னும் கிண்டல் செய்வார். அவர் சொல்வது சரிதான்.

மூன்றாவது வழி, வயர். எங்கள் ஊரில் கேபிள் டிவி நடத்துகிற தம்பி ஒருவர் நாலைந்து வருஷமாக ஃபைபரும் கொடுக்கிறார். சின்ன ஊர்களில் ஃபைபர் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பிஎஸ்என்எல்லின் பாரத் ஃபைபராக இருந்தாலும், ரயில்டெல்லின் ரயில்வயராக இருந்தாலும், கடைசியாக நம் வீட்டு வாசலுக்கு வயர் இழுத்து வருகிறவர் உள்ளூர் ஆபரேட்டர். பில்லில் பெரிய பெயர் இருக்கும். ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நம் ஊர்க்காரர். ஊராட்சிகளுக்கு பாரத்நெட் திட்டத்தில் அரசாங்கமே ஃபைபர் இழுக்கிறது, தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் அந்தக் கணக்கில் வருகின்றன. ஆனால் அது ஊராட்சி அலுவலகத்தோடு ஒரு கட்டம் முடிகிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு வர மறுபடியும் ஒரு ஏணிக்காரர் வேண்டும்.

தம்பியிடம் போய்க் கேட்டேன். "ஏனுங்ணா, இட்டேரிக்குள்ளயா? அங்க ஒரு வீடுதானுங்களே" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு. ஊருக்குள் ஒரு தெருவில் 200 மீட்டர் இழுத்தால் பதினைந்து வீடு கிடைக்கும். எனக்கு ஒரு கிலோமீட்டர் இழுத்தால் ஒரே வீடு, மாதம் 499 ரூபாய். வயர் செலவு, கம்பச் செலவு என்னுடையது என்று சொன்ன பிறகுதான் வந்து பார்த்தார்.

நேர் வழியில் 980 மீட்டர். ஆனால் நேர் வழி பெரியப்பா மகன் வேலியோரமாகப் போகிறது. அவருக்கும் எங்களுக்கும் கிணற்றுப் பங்கு விஷயத்தில் எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மாவை அனுப்பிக் கேட்டுப் பார்த்தோம். "என் வேலியில ஒரு கம்பமும் நட வேண்டாம்" என்று ஒரே பேச்சு. சரி, சுற்றிப் போ என்று 140 மீட்டர் சேர்த்து 1,120 மீட்டர் ஆயிற்று. மீட்டர் எட்டு ரூபாய் என்று வயர் 8,960. இரும்புக் கம்பம் ஒன்பது, தலைக்கு 950. மீதிக்கு இட்டேரியோரப் பனைமரங்கள். தென்னையில் கட்ட வேண்டாம், அது ஆடி ஆடியே வயரை அறுத்துவிடும் என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். பனை ஆடாது. மோடம் 2,000, இணைப்புக் கட்டணம் 1,000. எல்லாம் சேர்த்து 20,510 ரூபாய். கூலி தனியாகக் கேட்கவில்லை. ரெண்டு நாளும் மதியச் சோறு நம் வீட்டில். மாடு வாங்க வைத்திருந்த காசு அது. வீட்டில் ஒரு வாரம் பேச்சு சரியில்லை.

2024 டிசம்பர் கடைசி வாரத்தில் லைன் வந்தது. வேகம் 60 எம்பிபிஎஸ் பேக்கேஜ், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து மாதம் 589 ரூபாய். முதல் டெஸ்ட்டில் இறங்குவது 58, ஏறுவது 56. இந்த ரெண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஜிபி ஃபைல் ரெண்டரை நிமிஷத்துக்குள் போய்விட்டது. யூனிட்காரர் போன் செய்து, "என்னங்ணா, திருப்பூர்லதான் இருக்கீங்களா?" என்றார்.

ஃபைபருக்கு தூரம் ஒரு பொருட்டே இல்லை. வீடுகளுக்கு வருகிற ஜிபான் முறையில் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற முறை) ஆபரேட்டர் ஆபீஸிலிருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும் ஒளி வரும். என் 1,120 மீட்டரில் ஒளி குறைந்தது ஒரு டெசிபெல்கூட (ஒளியின் பலத்தை அளக்கிற கணக்கு அது) இல்லை. குறைப்பது ஸ்ப்ளிட்டர்தான்: ஒரு இழையை எட்டாகப் பிரித்தால் பத்து டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். ஒளியின் பலம் ரோட்டோரப் பெட்டியில் மைனஸ் 20.1 இருந்தது, வீட்டில் மைனஸ் 20.9. மைனஸ் 27 தாண்டினால் மோடத்தில் சிவப்பு லைட் மினுக்க ஆரம்பிக்கும். புதுசாக ஃபைபர் வாங்குகிறவர்கள் ஸ்பீடு டெஸ்ட்டோடு நிற்காமல், பவர் மீட்டர் வைத்து அந்த எண்ணைக் காட்டச் சொல்லிப் பெட்டியின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போது தகராறு வந்தாலும் அந்த எண்தான் சாட்சி.

தகராறு வராமல் இருக்குமா? ஃபைபரின் எதிரி தூரம் இல்லை, மட்டை. மார்ச்சில் ஒரு நாள் காலையில் தென்னை மட்டை ஒன்று சரியாக வயர் மேல் விழுந்து அறுந்தது. காலை எட்டு மணிக்குப் போன் செய்தேன், பதினொன்றே காலுக்கு தம்பி வந்தார். அன்றைக்குத்தான் அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அறுந்த இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினைக் கயிற்றுக் கட்டில் மேல் வைத்தார். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிசு. வயரின் கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருக்கிற முடி மாதிரி இழையை எடுத்து, அதன் மேல் பூச்சை இடுக்கியால் வழித்து, ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்தார். துடைக்கும்போது கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். அது வந்தால்தான் சுத்தமாம். அடுத்து இழையை வெட்டுகிற கருவி ஒன்று. அதில் வைத்து அமுக்கினால் கண்ணாடி நேராக முறிகிறது. ரெண்டு முனையையும் மெஷினுக்குள் வைத்து மூடினார். சின்னத் திரையில் ரெண்டு முனையும் தென்னங்கீற்று ஈர்க்கு மாதிரிப் பெரிசாகத் தெரிந்தன, தானாகவே ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு நேராயின, ஒரு நீல மின்னல், அவ்வளவுதான். ஒளி நஷ்டம் 0.02 டெசிபெல் என்று காட்டியது. அப்புறம் மேலே ஒரு குழாயைத் தள்ளி அதே மெஷினில் சூடு காட்டினார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. முறித்துப் போட்ட கண்ணாடித் துண்டுகள் கண்ணுக்கே தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் டேப்பில் ஒட்டி எடுத்து, டேப்பை மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கன்னுக்குட்டி மேயுற இடமுங்ணா" என்றார். நான் இதுவரை கட்டின எந்த பில்லிலும் இந்தச் சேவைக்கு வரி போடவில்லை.

இந்த ஒரு வருஷத்தில் லைன் போனது 7 தடவை. மட்டை மூன்று. சோளத்தட்டு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று, அது என் தவறு. இட்டேரி திருப்பத்தில் வயரைத் தாழ்வாக விட்டுவிட்டேன். ஆபரேட்டர் ஆபீஸில் பேட்டரி போனது ரெண்டு. ஏழாவதுதான் பெரிசு: மெயின் ரோட்டில் பைப் போடத் தோண்டிய ஜேசிபி மொத்த கேபிளையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ரெண்டு நாள் ஐந்து மணி நேரம் நெட் இல்லை. ஆர்டர் கையில், ஃபைல் தயார். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரைத் தேடி எடுத்தேன். கண்டக்டர் வேறு ஆள், ஆனால் சொன்னதும் புரிந்துகொண்டார்.

மற்ற ஆறும் நாலு மணி நேரத்துக்குள் சரியாயின. ஆனால் குறை இல்லாமல் இல்லை. இவருக்குக் கட்டணமில்லா எண் கிடையாது, புகார் எண் கிடையாது, இவருடைய செல் நம்பர்தான் எல்லாம். முகூர்த்த நாளில் இவர் ஏதாவது மண்டபத்தில் எல்ஈடி திரை கட்டிக்கொண்டிருப்பார். மாரியம்மன் நோம்பி என்றால் ஊர் மைக் செட்டும் இவர்தான். ஒரு மட்டை பட்டிப் பொங்கல் அன்றைக்கா விழ வேண்டும்? ராத்திரி எட்டரைக்கு, கையில் மஞ்சள் கறையோடு வந்து ஜாயிண்ட் போட்டுவிட்டுப் போனார். பொழுதோட ஏழு மணிக்கு மேல் வேகம் 35-க்கு இறங்குவதும் உண்டு. அவர் மேலே வாங்கியிருக்கிற மொத்த லைனை ஊரே பங்கு போடும்போது அப்படித்தான். கேட்டால் மறைக்காமல் ஒத்துக்கொள்கிறார், அடுத்த வருஷம் கூட்டுகிறேன் என்கிறார். பார்ப்போம்.

கரண்ட் விஷயம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மின்சாரம் இருக்காது, இது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. மோடத்துக்கு 12 வோல்ட் மின்சாரம் போதும். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சுமாருக்கு விற்கிறது, வாங்கி மாட்டிவிட்டேன், மூன்று மணி நேரம் தாங்கும். ஜிபானில் நடு வழியில் இருக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. பழைய காலத்தில் தெருவுக்குத் தெரு ஸ்விட்ச் பெட்டி வைத்து லேன் வயர் இழுத்தார்களே, அதில் எந்தத் தெருவில் கரண்ட் போனாலும் நெட் போகும், இடி விழுந்தால் வரிசையாகப் புகையும். அந்தத் தொல்லை இதில் இல்லை. ஆனாலும் இடி இடித்தால் நான் அடாப்டரைப் பிடுங்கிவிடுவேன். ஃபைபர் கண்ணாடிதான், ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கிற கம்பி இரும்பு. சுவரில் இருக்கிற கரண்ட் லைனும் இருக்கவே இருக்கிறது.

வைஃபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சாளை பழைய மண் சுவர், ஒன்றரை அடி கனம். அடுத்த அறைக்கு வைஃபை போவதற்குள் களைத்துவிடும். என் கம்ப்யூட்டருக்கு நேராக லேன் வயர் இழுத்துவிட்டேன், 400 ரூபாயில் முடிந்தது. கட்டுத்தறியில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன், ஈனப் போகிற மாட்டை ராத்திரியில் எழுந்து போய்ப் பார்க்காமல் போனிலேயே பார்க்கலாம். அம்மா அதில் பார்ப்பதை விட, டார்ச் எடுத்துக்கொண்டு நேரில் போவதுதான் அதிகம். மாதத்துக்கு 3,300 ஜிபி வரைக்கும் அதே வேகம் என்பது பேக்கேஜ் கணக்கு. மகன் பதினொன்றாம் வகுப்பு, வீடியோ பாடம், அப்பாவுக்கு கிரிக்கெட், என் வேலை, எல்லாம் சேர்ந்தும் 400 ஜிபி-யைத் தாண்டியதில்லை.

ஆக என் வீட்டுக்கு ஃபைபருக்கு ஐந்துக்கு நாலு. காற்று வழி நெட்டுக்கு என் தோப்புக்குள் ரெண்டு. தங்கச்சி வீட்டு மாடியில் அதற்கே நாலு கொடுப்பேன். உங்கள் மாடியிலிருந்து டவர் கண்ணுக்குத் தெரிந்து, வேலை எல்லாம் படம் பார்ப்பதும் பாடம் படிப்பதும்தான் என்றால், 20,000 ரூபாயை மண்ணில் நட வேண்டாம், ஏர்ஃபைபரே போதும். ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் ஆடி மாதமாக இருந்தால் உத்தமம். வாடகை வீடு என்றாலும் அதுதான், பெட்டியைக் கழற்றிக் கொண்டு போகலாம். தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் இருக்கிறவர்கள் சாட்டிலைட் நெட்டுக்குக் காத்திருப்பது நியாயம்; ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள். எனக்கு ஆபரேட்டர் தம்பி இருக்கிற வரைக்கும் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை.

போன மாதம் பெரியப்பா மகன் வீட்டுப் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்தது. ஏதோ ஆன்லைன் பரீட்சையாம், அங்கே சிக்னல் இல்லை. வேலிப் படலைத் திறந்துகொண்டு நேராக எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மாமா, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றது. மூன்று நாள் வந்தது. நாலாம் நாள் பெரியப்பா மகன் ஆபரேட்டர் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். ரெண்டு கம்பம் அவர் வேலியோரம் நடுவது, நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து அவர் வீட்டுக்கும் ஒரு இணைப்பு. "உங்க லைனையும் நேராக்கிடலாமுங்ணா, 140 மீட்டர் மிச்சம்" என்றார் தம்பி. அதைச் சுருட்டி மோட்டார் ரூமில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மட்டை விழும்போது ஜாயிண்ட்டுக்கு ஆகும்.